அமெரிக்கா கிளம்பும் முன் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வரி எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்கு வேலைக்கான எச்-1பி விசா, எனக்கும் மகனுக்கும் அவரோடு போகும் குடும்பத்தினருக்கான எச்-4. கும்பகோணத்திலிருந்து நாங்கள் கிளம்பியபோது பெட்டியின் எடை, ஊறுகாய் பாட்டிலின் மூடி, மகனின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். வரி எண் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதற்கு ஒன்றரை வருடம் அலைந்தோம். இப்போது தெரிந்தவர்கள் குடும்பத்தோடு கிளம்பும்போதெல்லாம் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். நான் தணிக்கையாளர் இல்லை. கையெழுத்துப் போடும் முன் உங்கள் கணக்கை ஒரு தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில், மொத்தம் எத்தனை எண்கள்? எது யாருக்கு?

மூன்றை மனதில் வைத்தால் போதும்.

பான் என்பது இந்திய வருமான வரித்துறை தரும் எண். அதில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து என்று பத்து இடங்கள். நாட்டை விட்டுப் போனாலும் அது கூடவே வரும்.

எஸ்.எஸ்.என் என்பது அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண். ஒன்பது இலக்கம். வேலை செய்ய அனுமதி உள்ளவருக்குத்தான் தருவார்கள். எச்-1பி விசாவிலோ, தன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகும் எல்-1 விசாவிலோ போகிறவருக்கு இது உண்டு.

ஐ.டி.ஐ.என் என்பது எஸ்.எஸ்.என் பெறத் தகுதி இல்லாதவர்களுக்கு, வரிக் கணக்குக்காக மட்டும் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ் தரும் எண். 1996 முதல் தருகிறார்கள். இதுவும் ஒன்பது இலக்கம்தான், ஆனால் எப்போதும் 9-இல் தொடங்கும். எச்-4 விசாவில் வரும் மனைவி, கணவர், குழந்தைகள் எல்லாம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். இந்த எண் வேலை செய்யும் உரிமையைத் தராது, விசா நிலையையும் மாற்றாது.

ஐ.டி.ஐ.என்னைச் சென்னையிலிருந்தே வாங்கிக்கொண்டு போக முடியுமா?

பெரும்பாலான குடும்பங்களுக்கு முடியாது. டபிள்யூ-7 என்ற விண்ணப்பத்தை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க வரித் தாக்கலோடு சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். வருமானம் ஈட்டி, ஆண்டு முடிந்து, கணக்குத் தயாரான பிறகுதான் எண்ணையே கேட்க முடியும். "விமானம் ஏறும் முன்பே எண் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எஸ்.எஸ்.என்னும் அப்படித்தான். வேலை விசாவில் வருகிறவர் அங்கே இறங்கிய பிறகு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஊரில் செய்ய என்ன இருக்கிறது? பானும் பெயரும். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல வருவது பெயரைத்தான். அமெரிக்காவில் உங்கள் குடும்பத்துக்கு எந்த எண் கிடைத்தாலும் அது பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்குத்தான் கிடைக்கும். அந்தப் பெயரைத் திருத்தச் சரியான இடம் நம் ஊர்தான்.

பெயரில் அப்படி என்ன சிக்கல்? எல்லாச் சான்றிதழிலும் என் பெயர்தானே இருக்கிறது?

நம் ஊரில் குடும்பப்பெயர் வழக்கம் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. இது நமக்குப் பெருமையான விஷயம், எனக்கும்தான். ஆனால் வெளிநாட்டுப் படிவங்களில் தலைப்பெழுத்துக்கு இடமே இல்லை. அங்கே இரண்டு பெட்டிகள்: குடும்பப்பெயர், இயற்பெயர்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். செல்வகுமார் என்று ஒருவர், அவருடைய அப்பா ராமசாமி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அவர் "ஆர். செல்வகுமார்". ஆதாரில் "செல்வகுமார் ஆர்". பான் கார்டில் "செல்வகுமார் ராமசாமி", ஏனென்றால் பான் விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டிலோ குடும்பப்பெயர் இடம் காலி, இயற்பெயர் இடத்தில் "செல்வகுமார் ராமசாமி" மொத்தமும் ஒன்றாக. நான்கு ஆவணம், நான்கு ஆட்கள்!

குடும்பப்பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் என்ன ஆகும் தெரியுமா? இருக்கிற பெயர் முழுவதும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். இயற்பெயர் இடத்தில் "எஃப்.என்.யு" என்று மூன்று எழுத்து விழும். இயற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு வங்கியில், ஓட்டுநர் உரிமத்தில், காப்பீட்டு அட்டையில் எங்கே பார்த்தாலும் இந்த மூன்று எழுத்தும் முன்னால் வந்து நிற்கும். மருத்துவமனை வரவேற்பில் "ஃப்னூ" என்று கூப்பிட, தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஆகவே விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பப்பெயர் இடம் காலியா? மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அப்பாவின் பெயரை அங்கே நகர்த்திவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு செய்தால் விசாவில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று சிக்கல் இரட்டிப்பாகும்.

கல்யாணத்துக்குப் பிறகு என் தலைப்பெழுத்து மாறிவிட்டது. எதை வைத்துக்கொள்வது?

பெண்கள் அதிகம் கேட்பது இதைத்தான். எனக்கும் இதே கதைதான் நடந்தது. என் மதிப்பெண் பட்டியல் அப்பாவின் எழுத்தோடு. கல்யாணமான புதிதில் குடும்ப அட்டைக்காக ஆதாரில் கணவரின் எழுத்தை மாற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட் கல்லூரிக் காலத்தில் எடுத்தது, அதில் அப்பாவின் பெயர். பான் கார்டில் மறுபடி கணவரின் பெயர்.

கல்யாணம் ஆனதால் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எச்-4 விசாவுக்கும் கணவரின் பெயர் உங்கள் பெயரில் இருக்கத் தேவையில்லை. திருமணப் பதிவுச் சான்றிதழ் போதும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருமணப் பதிவு கட்டாயம். இன்னும் பதிவு செய்யாதவர்கள் இதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். என் யோசனையைக் கேட்டால், படிப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே பாஸ்போர்ட்டிலும் வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். நாளைக்கு நீங்கள் அங்கே படிக்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் சான்றிதழ்களோடு பொருந்தும் பெயர்தான் கைகொடுக்கும்.

அப்புறம், அமெரிக்காவில் ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப்பெயர் இருக்கலாமா என்றும் கேட்பார்கள். இருக்கலாம். அப்பா செல்வகுமார் ராமசாமி, அம்மா கயல்விழி சுந்தரம், பிள்ளை இனியன் செல்வகுமார். வரிக் கணக்கில் இதனால் எந்தத் தடையும் இல்லை. உறவைச் சொல்ல பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை விளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எந்த வரிசையில் திருத்துவது?

முதலில் பாஸ்போர்ட். அதைச் சான்றாகக் காட்டி ஆதார். ஆதார் சரியான பிறகு பான். தலைகீழாகப் போகாதீர்கள். வருமான வரித் தளத்தில் ஆதாரை வைத்து இலவசமாகக் கிடைக்கும் உடனடி இ-பான், ஆதாரில் உள்ள பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆதாரில் "கயல்விழி எஸ்" என்று இருந்தால் பானும் அப்படியே வந்து நிற்கும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற அனுமதி என்பதால், என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். "ழ"வுக்கு என்ன எழுத்து போட்டிருக்கிறீர்கள் என்பதுகூட முக்கியம்.

நான் வேலைக்குப் போகாதவள். எனக்கு எதற்குப் பான்?

உங்கள் பெயரில் வைப்புத்தொகை இருக்கிறதா? அம்மா வீட்டுப் பங்கு வரப்போகிறதா? கணவரோடு கூட்டாக வீடு வாங்கியிருக்கிறீர்களா? இதில் ஒன்று இருந்தாலும் பான் வேண்டும். பான் இல்லையென்றால், வரி பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பிடித்துவிடுவார்கள். வெளிநாடு போன பிறகு உங்கள் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும், அப்போதும் வங்கி பானைத்தான் கேட்கும்.

வெளிநாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் இந்திய முகவரிக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும் அட்டைக்கு, வெளிநாட்டு முகவரி என்றால் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். போதாததற்கு ஆவண அலைச்சல், அஞ்சல், காத்திருப்பு. ஊரில் இருக்கும்போது ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் முடிகிற வேலை இது.

ஒன்று மட்டும் கவனம். எப்போதோ கல்லூரியில் யாரோ மொத்தமாக விண்ணப்பித்து வாங்கித் தந்த பான் ஏற்கெனவே உங்களிடம் இருக்கலாம். இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

குழந்தைக்கும் பான் எடுக்க வேண்டுமா?

குழந்தை பெயரில் பரஸ்பர நிதியோ வைப்புத்தொகையோ இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் அவசரமில்லை. அப்பாவோ அம்மாவோ சார்பாளராகக் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். உடனடி இ-பான் பதினெட்டு வயதுக்குக் கீழே கிடைக்காது. குழந்தையின் அட்டையில் படமும் கையெழுத்தும் இருக்காது. 18 வயதானதும் படத்தோடு புதுப்பித்துக்கொள்ளலாம், எண் மாறாது.

குழந்தைக்கு பானைவிட அவசரமானது பிறப்புச் சான்றிதழ். அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா பாருங்கள்! மருத்துவமனையில் பிறந்தவுடன் பதிவு செய்வதால் பெயர் இடம் காலியாகவே பலரிடம் இருக்கிறது. பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அப்பா, அம்மா பெயர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பான்–ஆதார் இணைப்பு வெளிநாடு போகிறவர்களுக்கு வேண்டாமாமே?

வருமான வரிச் சட்டப்படி "இந்தியாவில் வசிக்காதவர்" ஆனவருக்கு விலக்கு உண்டு. ஆனால் விமானம் ஏறிய அன்றே நீங்கள் அப்படி ஆகிவிடுவதில்லை. இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் வசிக்காதவர்.

மனைவிக்குக் கணக்கு வேறு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. "வேலைக்காகப் போகிறவர்" என்ற சலுகை வேலைக்குப் போகிறவருக்கு மட்டும்தான். கூடப் போகும் துணைக்கு, அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இந்தியாவில் இருந்தாலே வசிப்பவர் கணக்கில் வந்துவிடுவார். ஆகஸ்டில் இருவரும் ஒரே விமானத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். கணவர் அந்த ஆண்டு வசிக்காதவர், மனைவி வசிப்பவர்! ஆகவே மனைவியின் பானை ஆதாரோடு இணைக்காமல் கிளம்பாதீர்கள். இணைக்கும் கெடு 2023 ஜூன் 30-இல் முடிந்தது. அதற்குப் பிறகு இணைக்க 1,000 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். இணைக்காத பான் செயலிழந்துவிட்டால் வரி கூடுதலாகப் பிடிப்பார்கள், திரும்ப வர வேண்டிய தொகையும் வராது.

போய்ச் சேர்ந்து நிலை மாறியதும் வருமான வரித் தளத்தில் உங்கள் பக்கத்தில் "வசிக்காதவர்" என்று மாற்றிவிடுங்கள்.

போன் நம்பரை என்ன செய்வது?

இதற்குத் தனிக் கேள்வி வேண்டுமா என்று தோன்றும். வேண்டும். ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி இல்லாமல் வருமான வரித் தளத்தில் பல வேலைகள் நடக்காது, வங்கியிலும் நடக்காது. கிளம்பும் அவசரத்தில் என் சிம்மை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் ஊரில் இரவு பதினொரு மணிக்கு அம்மாவை எழுப்பி, கண்ணாடி தேடி எடுத்து, ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்வேன். மூன்றாவது இலக்கத்திலேயே நேரம் முடிந்துவிடும். சிம்மைக் கையோடு எடுத்துப் போங்கள். கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கை இயக்கி, உயிரோடு வைத்திருக்கத் தேவையான அளவுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள்.

அமெரிக்காவில் இறங்கியதும் முதல் வேலை?

குடிநுழைவு மேசையிலேயே ஒன்று செய்யலாம். பிறகு குழந்தைக்கு ஐ.டி.ஐ.என் கேட்கும்போது, பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குள் நுழைந்த தேதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது பல விமான நிலையங்களில் முத்திரை குத்தாமலே அனுப்பிவிடுகிறார்கள், பதிவு கணினியில் மட்டும் இருக்கும். குழந்தையின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தரச் சொல்லிப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் பரவாயில்லை, அதற்கு மாற்று வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருடைய ஐ-94 என்ற நுழைவுப் பதிவையும் இணையத்தில் எடுத்து, பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பாருங்கள். வேலை விசாவில் வந்தவர் பத்து நாள் கழித்துச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகலாம். அதற்குள் குடிநுழைவுப் பதிவு அவர்கள் கணினிக்கு வந்துவிடும். கட்டணம் இல்லை, அட்டை அஞ்சலில் வரும்.

எச்-4 காரர்களும் அதே அலுவலகத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கலாம். சில மாநிலங்களில் ஓட்டுநர் உரிமம் எடுக்க, "இவருக்கு எஸ்.எஸ்.என் பெறத் தகுதி இல்லை" என்று அவர்கள் தரும் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. வந்த பத்தாம் நாளே கணவருக்கு ஓர் எண். எனக்கு, எண் இல்லை என்பதற்கு ஒரு கடிதம். ஆனால் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் கார் ஓட்டக் கற்றேன்.

எல்-1 காரர்களோடு எல்-2 விசாவில் வரும் மனைவி, கணவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2021 நவம்பரிலிருந்து அவர்கள் தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலை செய்யலாம். ஐ-94 பதிவில் "எல்-2எஸ்" என்று இருந்தால் அதைக் காட்டி எஸ்.எஸ்.என்னுக்கே போகலாம். ஐ.டி.ஐ.என் பக்கம் வரவே வேண்டாம்.

ஐ.டி.ஐ.என் உண்மையில் எல்லாக் குடும்பத்துக்கும் வேண்டுமா?

வேண்டாம், முதல் ஆண்டில் பலருக்கு வேண்டாம். அமெரிக்க வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. முதல் முறையாக வருகிறவர் அந்த ஆண்டில் 183 நாள் அங்கே இருந்தால் வரிக்கு "வசிப்பவர்". அதாவது ஜூலை 2-க்குள் இறங்கி ஆண்டு முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இறங்கினால் பொதுவாக அந்த ஆண்டு வசிக்காதவராகத் தாக்கல் செய்ய வேண்டும், கணவன் மனைவி கூட்டுத் தாக்கல் கிடையாது. சில நிபந்தனைகளோடு முதல் ஆண்டிலேயே வசிப்பவராக எழுதித் தர வழி உண்டு, அதைத் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

கூட்டுத் தாக்கல் செய்ய முடிந்தால் லாபம் பெரியது. 2025-ஆம் ஆண்டுக்கு நிலையான கழிவு, அதாவது வருமானத்தில் வரி போடாமல் கழிக்கும் தொகை, தனியாகத் தாக்கல் செய்தால் 15,750 டாலர், கூட்டாகச் செய்தால் 31,500 டாலர். மனைவிக்கு எண் இருந்தால்தான் கூட்டுத் தாக்கல். அந்த எண்தான் ஐ.டி.ஐ.என்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வந்த ஆண்டிலேயே முழு ஆண்டும் வசிப்பவர்களாகக் கணக்கிடச் சொல்லி இருவரும் கையெழுத்திட்டால், அந்த ஆண்டு ஜனவரி முதல் இந்தியாவில் வாங்கிய சம்பளம், வட்டி, வாடகை எல்லாவற்றையும் இருவரும் காட்ட வேண்டும். இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குழந்தைக்கு? 2018 முதல், வரியில் ஏதாவது சலுகை கிடைத்தால்தான் சார்ந்திருப்பவருக்கு ஐ.டி.ஐ.என் தருகிறார்கள். பெரிய குழந்தை வரிச்சலுகைக்குக் குழந்தைக்கு எஸ்.எஸ்.என் வேண்டும், எச்-4 குழந்தைக்கு அது கிடையாது. சார்ந்திருப்பவர்களுக்கான 500 டாலர் சலுகை ஐ.டி.ஐ.என் உள்ள குழந்தைக்கும் உண்டு, குழந்தையும் அங்கே வசிப்பவர் கணக்கில் வந்தால். இந்தியாவில் பாட்டியிடம் விட்டுவந்த குழந்தையைச் சார்ந்திருப்பவராகக் காட்ட முடியாது. ஊரிலேயே இருக்கும் மனைவிக்கு ஐ.டி.ஐ.என் வாங்கிக் கூட்டாகத் தாக்கல் செய்ய முடியும்.

விண்ணப்பத்தில் என்ன வைத்து அனுப்ப வேண்டும்?

ஒவ்வொருவருக்கும் தனி டபிள்யூ-7. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரித் தாக்கல், காகிதத்தில். எண் இல்லாதவரின் எண் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஓர் எழுத்துகூட மாறாமல். மனைவி தானே கையெழுத்திட வேண்டும், குழந்தைக்காகப் பெற்றோர் இடலாம். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் ஐ.டி.ஐ.என் பிரிவுக்குப் போக வேண்டும். வரித்துறைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

குழந்தையின் பாஸ்போர்ட்டில் நுழைந்த தேதி இல்லையென்றால் கூடுதல் சான்று வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே என்றால் அமெரிக்க மருத்துவரின் பதிவு, பள்ளி வயது என்றால் அமெரிக்கப் பள்ளியின் பதிவு. இரண்டிலும் குழந்தையின் பெயரும் வீட்டு முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும்.

அசல் பாஸ்போர்ட்டையா அஞ்சலில் அனுப்புவது? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆண்டு எங்கள் கணக்கைப் பார்த்த ஆலோசகர், நோட்டரி கையெழுத்திட்ட நகல் போதும் என்றார். மார்ச்சில் அனுப்பினோம். மே மாதம் மறுப்புக் கடிதம் வந்தது. நோட்டரி நகலை 2012-லிருந்தே ஏற்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது, சொல்ல வேண்டியவரும் சொல்லவில்லை. இரண்டாம் முறை என் அசல் பாஸ்போர்ட்டையும் மகனுடையதையும் உறையில் வைத்து அனுப்பினோம். ஒன்பதாம் நாள் ஊரிலிருந்து போன் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு, தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை. என் பாஸ்போர்ட் ஆஸ்டினில். ஏழு வாரம் கழித்து உறை வந்த அன்று அம்மா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியிருந்தார். அந்த ஏழு வாரமும் வீடியோவில்தான் பார்த்தேன்.

அதனால் சொல்கிறேன், பாஸ்போர்ட்டைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன. ஐ.ஆர்.எஸ் அங்கீகரித்த சான்றளிக்கும் முகவர்கள் இருக்கிறார்கள். அசலைப் பார்த்து, சரி என்று சான்று தந்து, உங்களிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். கட்டணம் வாங்குவார்கள், அது கொடுக்கத் தகுந்த பணம். இரண்டாவது, ஐ.ஆர்.எஸ்ஸின் சில உதவி மையங்களில் முன்பதிவு செய்து நேரில் போய்க் காட்டலாம், இதற்குக் கட்டணமில்லை. மூன்றாவது, பாஸ்போர்ட் தந்த அரசே சான்றளித்த நகல், அதாவது இந்தியத் தூதரகம் வழியாக. என்னைக் கேட்டால் முதல் இரண்டில் ஒன்று.

எவ்வளவு நாளில் வரும்? மறுத்துவிட்டால்?

சாதாரணமாக 7 வாரம் என்கிறார்கள். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை நெரிசல் காலம் என்பதால் 9 முதல் 11 வாரம். அட்டை வராது, எண் அச்சிட்ட கடிதம்தான் வரும். அதைப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கூடுதல் விவரம் கேட்டு வந்தால் 45 நாளுக்குள் பதில் போக வேண்டும். வீடு மாறியிருந்தால் அந்தக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும், முகவரியில் கவனம். தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. கூடுதல் அவகாசம் கேட்டால் அக்டோபர் 15 வரை கிடைக்கும், ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு அவகாசம் இல்லை.

இந்தியக் கணக்குகளைப் பற்றி அங்கே சொல்ல வேண்டுமா?

ஆம். வரிக்கு வசிப்பவராகிவிட்டால், இந்தியாவில் உள்ள எல்லாக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தனியாக அறிக்கை தர வேண்டும். மனைவியின் பெயரில் உள்ளவற்றுக்கும் இதே விதிதான். கிளம்பும் முன் எந்த வங்கியில் யார் பெயரில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா உங்கள் பெயரையும் சேர்த்துத் தொடங்கிய கூட்டுக் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

நாங்கள் அமெரிக்கா இல்லை, வேறு நாடு.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் வீட்டு முகவரியைப் பதிவு செய்ததும் குடும்பத்தில் எல்லாருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, 11 இலக்க வரி எண் அஞ்சலில் வந்துவிடும். அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். கனடாவில் போய் இறங்கியபின் சமூகக் காப்பீட்டு எண், தற்காலிகமாக வந்தவர்களுக்கு அது 9-இல் தொடங்கும். போர்ச்சுகல் மட்டும் வித்தியாசம், அங்கே வரி எண்ணை ஒரு பிரதிநிதி மூலம் போகும் முன்பே வாங்க முடியும். எந்த நாடானாலும் மேலே சொன்ன பெயர், பான், போன் நம்பர் மூன்றும் பொருந்தும்.

பிறகு எனக்கு வேலை அனுமதி கிடைத்து எஸ்.எஸ்.என் வந்தால், ஐ.டி.ஐ.என் என்ன ஆகும்?

எச்-4 துணைக்கும் 2015 முதல், குடியேற்ற மனுவில் குறிப்பிட்ட கட்டம் தாண்டிய குடும்பங்களில், வேலை அனுமதி கிடைக்கிறது. எஸ்.எஸ்.என் வந்த நாளிலிருந்து ஐ.டி.ஐ.என்னைப் பயன்படுத்தக் கூடாது. பழைய எண், புதிய எண், முழுப்பெயர், முகவரி எழுதி, எஸ்.எஸ்.என் அட்டையின் நகலும் ஐ.டி.ஐ.என் கடிதத்தின் நகலும் இணைத்து ஐ.ஆர்.எஸ்ஸுக்கு அனுப்பினால் இரண்டு பதிவையும் ஒன்றாக்கிவிடுவார்கள். வங்கியிலும் சொல்லிவிடுங்கள். எஸ்.எஸ்.என் வராமல் ஐ.டி.ஐ.என்னிலேயே இருப்பவர்கள், தொடர்ந்து மூன்று ஆண்டு எந்தத் தாக்கலிலும் அதைக் காட்டாவிட்டால் மூன்றாம் ஆண்டு டிசம்பர் 31-இல் அது காலாவதியாகும், மறுபடி டபிள்யூ-7 நிரப்பிப் புதுப்பிக்க வேண்டும்.

என் எஸ்.எஸ்.என் அட்டை வந்தபோது அதில் இருந்தது என் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே பெயர், அப்பாவின் பெயரோடு. அந்த வாரமே கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்தேன்.